வேகத்தடை கேளுங்கள்! நீங்களே போடாதீர்கள்!

(பெரம்பலூரில் இளைஞர்களும் வியாபாரிகளும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தலைப்பைப் பார்த்ததும் உங்களில் சிலர் முகம் சுளித்திருப்பீர்கள். "என்ன ஹஜ்ரத், சமுதாயத்துக்கு எத்தனையோ பிரச்சினைகள் இருக்கின்றன. இடஒதுக்கீடு இருக்கிறது, வக்ஃபு சொத்து இருக்கிறது, வேலையில்லாத் திண்டாட்டம் இருக்கிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு ரோட்டில் போடுகிற மேட்டைப் பற்றியா பேச வந்தீர்கள்?" என்று கேட்கத் தோன்றும். கேளுங்கள், தவறில்லை. ஆனால் மஃரிபுக்குப் பிறகு மக்தப் மதரஸா விடும் நேரத்தில் ஒரு நாள் உங்கள் பள்ளிவாசல் தெருவில் நின்று பாருங்கள். அறுபது எழுபது பிள்ளைகள் ஒரே நேரத்தில் வாசலைத் தாண்டி வெளியே பாய்கிறார்கள். ஒரு கையில் ஜுஸ்வு, மறு கையில் தம்பியின் கை. எந்தப் பிள்ளையும் வலது பக்கம் இடது பக்கம் பார்ப்பதில்லை. அதே நேரத்தில்தான் கடையிலிருந்து வீட்டுக்குப் போகிறவரும், பஸ்ஸைப் பிடிக்கப் பறக்கிறவரும், சும்மா ஒரு சுற்றுச் சுற்றி வரப் புறப்பட்ட வாலிபனும் அந்தத் தெருவுக்குள் வண்டியை விடுகிறார்கள். இது சமுதாயப் பிரச்சினை இல்லையென்றால் வேறு எது சமுதாயப் பிரச்சினை?

நம்முடைய பகுதியின் நிலைமையையும் கொஞ்சம் சிந்தித்துப் பாருங்கள். பெரம்பலூரைத் தொட்டபடி சென்னை - திருச்சி நான்குவழிச் சாலை ஓடுகிறது. நூறு கிலோமீட்டர் வேகத்தில் வந்து பழகிய கால், துறைமங்கலத்திலோ நான்கு ரோட்டிலோ ஊருக்குள் திரும்பியதும் உடனே இருபதுக்கு இறங்கி விடுவதில்லை. நெடுஞ்சாலை முடிந்துவிட்டது என்று கண்ணுக்குத் தெரிகிறது, காலுக்குத் தெரிவதில்லை. அரியலூர்ப் பக்கம் போனால் கதையே வேறு. பூமிக்கு அடியில் சுண்ணாம்புக்கல்லை அல்லாஹ் வைத்திருக்கிறான். ரெட்டிப்பாளையம், கோவிந்தபுரம், தளவாய், ஆலத்தியூர் என்று சுற்றிலும் சிமெண்ட் ஆலைகள். கல் ஏற்றிய டிப்பர் லாரிகளும் சிமெண்ட் லாரிகளும் இரவு பகல் பாராமல் ஓடுகின்றன. எத்தனை நடை என்பதுதான் அந்த டிரைவருக்குக் கணக்கு. செந்துறை சாலையில் கடை வைத்திருக்கும் சகோதரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை; கடைக்கண்ணாடியில் படியும் தூசியே சொல்லும்.

வேகம் என்ன செய்யும் என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்த்துவிடுவோம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு வினாடியில் சுமார் 27 அடி நகர்கிறது. 60இல் போகும் வண்டி சுமார் 55 அடி நகர்கிறது. பிள்ளை குறுக்கே வருவதைக் கண் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கால் பிரேக்கை மிதிக்க ஒரு வினாடி ஆகும் என்று வையுங்கள். உங்களுக்கு 50 அடி முன்னால் ஒரு பிள்ளை ஓடி வருகிறது. 30இல் வருகிறவர், காய்ந்த ரோடாகவும் நல்ல பிரேக்காகவும் இருந்தால் 45 அடிக்குள் நின்றுவிடலாம். பிள்ளை பயந்து அழும், அவர் திட்டுவார், அதோடு போயிற்று. 60இல் வருகிறவரோ பிரேக்கைத் தொடுவதற்கு முன்பே பிள்ளை நின்ற இடத்தைத் தாண்டியிருப்பார். இடிக்கும் வலிமையும் இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு. உலக நாடுகள் 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோம் நகரில் கூடியபோது, ஆட்களும் வண்டிகளும் கலந்து போகிற தெருக்களில் 30க்கு மேல் கூடாது என்று சும்மா சொல்லவில்லை.

ஆக, தெருவுக்குள் வேகத்தைக் குறைத்தாக வேண்டும். போலீஸ்காரரை ஒவ்வொரு தெருமுனையிலும் நிறுத்த முடியாது. போர்டு வைத்தால் படிப்பார் இல்லை. இரவும் பகலும் சம்பளம் வாங்காமல் நின்று வேலை செய்கிற ஒரே காவலர் வேகத்தடைதான். அதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. அதை யார் போடுவது, எப்படிப் போடுவது என்பதில்தான் நமக்குள் பேச வேண்டியது நிறைய இருக்கிறது.

விபத்து நடந்த மறுநாள் இரவு

நம்மூர்களில் நடப்பது என்ன? ஒரு பிள்ளை அடிபடுகிறது. அல்லாஹ் பாதுகாப்பானாக! தெருவே கொதிக்கிறது. மறியல் நடக்கிறது. தாசில்தார் வருகிறார், இன்ஸ்பெக்டர் வருகிறார், "நடவடிக்கை எடுக்கிறோம்" என்று சொல்லிப் போகிறார்கள். ஒரு வாரமாகியும் ஒன்றும் நடக்கவில்லை. அப்போது தெருவில் நாலு இளைஞர்கள் சேர்கிறார்கள். யாரோ கட்டும் வீட்டிலிருந்து இரண்டு மூட்டை சிமெண்ட், ஒரு தட்டு வண்டி ஜல்லி. இஷாவுக்குப் பிறகு வேலை ஆரம்பமாகி, சுபுஹுக்குள் ரோட்டின் குறுக்கே ஒரு சுவர் முளைத்துவிடுகிறது. அகலம் ஓர் அடி, உயரம் எட்டு அங்குலம். வெள்ளை பூசுவதில்லை. முன்னால் போர்டு இல்லை. மேலே விளக்கும் இல்லை. "இனி எவன் வேகமாக வருகிறான் பார்க்கலாம்" என்று சொல்லிக்கொண்டு தூங்கப் போகிறார்கள்.

அவர்களுடைய கோபத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்த மேட்டில் முதலில் விழுவது யார் என்று கேட்கிறேன். உள்ளூர் வாலிபனுக்கு அது தெரியும். ஓரமாக வளைத்துப் போய்விடுவான். விழுவது வெளியூரிலிருந்து கல்யாணத்துக்கு வந்தவர். மடியில் கைக்குழந்தையோடு பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து வரும் பெண். கரண்ட் இல்லாத இரவில் மார்க்கெட்டுக்கு காய் ஏற்றிக்கொண்டு போகும் மொபெட்காரர். பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது. முன்னால் வருவதும் தெரியாது. வண்டி தூக்கிப் போட்டால் ஓட்டுகிறவர் ஹேண்டில்பாரைப் பிடித்துத் தப்பிக்கிறார், அந்தப் பெண்ணோ பின்மண்டை தரையில் பட விழுகிறார். புர்கா சக்கரத்தில் சிக்கினால் சொல்லவே வேண்டாம்.

இது கற்பனை என்று யாரும் நினைக்க வேண்டாம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்குப்படி 2015ஆம் ஆண்டில் மட்டும் வேகத்தடைகளால் நாடு முழுவதும் நடந்த விபத்துகள் 11,084. அதில் இறந்தவர்கள் 3,409 பேர். உயிரைக் காப்பாற்றப் போட்ட மேடு, நாளொன்றுக்கு ஒன்பது உயிரைத் தின்றிருக்கிறது!

அதைவிட வேடிக்கை ஒன்று சொல்கிறேன். ஓர் அடி அகலத்தில் செங்குத்தாக நிற்கிற மேடு வேகமாகப் போகிறவனைத் தடுப்பதே இல்லை. இங்கிலாந்தின் போக்குவரத்து ஆய்வுக்கூடத்தில் வாட்ஸ் என்பவர் 1973இல் இதைச் சோதித்துப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். குறுகிய மேட்டில் ஒரு கார் வேகமாக ஏறி இறங்கினால் சக்கரம் மட்டும் துள்ளும். அந்த அடியை ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும். உள்ளே இருப்பவருக்குப் பெரிதாகத் தெரியாது. மெதுவாக ஏறினால்தான் வண்டி முழுவதும் குலுங்கும். அதாவது நீங்கள் போட்ட சுவர், மெதுவாகப் போகிற கிழவரின் முதுகெலும்பைப் பதம் பார்க்கிறது, பறக்கிறவனை விட்டுவிடுகிறது. குற்றவாளிக்கு விடுதலை, நிரபராதிக்குத் தண்டனை!

அப்படியானால் சரியான வேகத்தடை எப்படி இருக்கும்? அந்த ஆராய்ச்சியில் கிடைத்த அளவுதான் உலகமெங்கும் பரவியது. நம் நாட்டில் இந்தியச் சாலைப் பேராயம் 1988இல் வெளியிட்ட வழிகாட்டியிலும் அதே அளவுதான் இருக்கிறது. 2018இல் அந்த வழிகாட்டியைத் திருத்தியும் வெளியிட்டார்கள். வண்டி போகும் திசையில் மேட்டின் அகலம் 3.7 மீட்டர், அதாவது பன்னிரண்டு அடி. நடுவில் உயரம் 10 சென்டிமீட்டர், அதாவது நான்கு அங்குலம்தான். கவிழ்த்து வைத்த தாம்பாளம் மாதிரி மெல்ல ஏறி மெல்ல இறங்கும். 25 கிலோமீட்டர் வேகத்தில் போனால் சுகமாகக் கடக்கலாம். அதற்கு மேல் போனால் உடம்பே குலுங்கும். கறுப்பும் வெள்ளையுமாக மாறி மாறிப் பட்டை அடித்திருக்க வேண்டும். 40 மீட்டருக்கு முன்பே எச்சரிக்கைப் போர்டு நிற்க வேண்டும். ஒன்றுக்கு மேல் தேவைப்பட்டால் நூறு, நூற்றிருபது மீட்டருக்கு ஒன்று. பத்தடிக்கு ஒன்றாக, வீட்டுக்கு வீடு போடுவதல்ல. லாரியும் பஸ்ஸும் போகிற ரோடென்றால் ஏற்ற இறக்கத்தை இன்னும் சாய்வாக்க வேண்டும். ஓரத்தில் மழைத் தண்ணீர் ஓட வழி விட வேண்டும். இல்லையென்றால் மேட்டுக்கு முன்னால் குளம் கட்டி, அந்தக் குளத்துக்குள் குழி விழுந்து, பிறகு குழிக்கு ஒரு மனு எழுத வேண்டி வரும்.

பன்னிரண்டு அடிக்கும் ஓர் அடிக்கும் எவ்வளவு வித்தியாசம் பார்த்தீர்களா? கொத்தனார் நல்லவராக இருந்தால் மட்டும் போதாது. இது அளவு தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை.

கிதாபு என்ன சொல்கிறது?

இப்போது மார்க்கத்துக்கு வருகிறேன். பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என்பதை அறியாத முஸ்லிம் கிடையாது. முள்கிளை ஒன்றைப் பாதையிலிருந்து ஒதுக்கியவருக்கு அல்லாஹ் மன்னிப்பு வழங்கிய செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. ஜும்ஆ மேடைகளில் இதைப் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். அகற்றியவருக்கு இந்த நன்மை என்றால், கொண்டுபோய் வைத்தவருக்கு என்ன?

நம் அரபி மதரஸாக்களில் ஓதிக்கொடுக்கப்படும் ஹிதாயாவில், இரத்த ஈட்டுத்தொகை பற்றிய பகுதியில், ஒருவர் பொதுவழியில் புதிதாக ஏற்படுத்தும் பொருட்களைப் பற்றித் தனிப் பாடமே இருக்கிறது. பொதுவழியில் ஒருவர் கிணறு தோண்டுகிறார், அல்லது கல்லை வைக்கிறார். அதில் ஒரு மனிதர் விழுந்து இறந்துபோனால் தோண்டியவர், வைத்தவர் தரப்பின் மீது தியத் கடமையாகிறது. அவர் நல்ல எண்ணத்தில் தோண்டினாரா, கெட்ட எண்ணத்தில் தோண்டினாரா என்று அங்கே கேட்பதில்லை. ஆட்சியாளரின் உத்தரவின் பேரில் தோண்டியிருந்தால் மட்டும் அந்தப் பொறுப்பு அவர் மீது வராது. ஏன்? பொதுவழி எல்லா மக்களுக்கும் உரியது. எல்லாருக்கும் உரிய இடத்தில் கைவைக்க, எல்லாருக்கும் பொறுப்பாளியாக இருப்பவரின் அனுமதி வேண்டும்.

சுமார் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னால் எழுதப்பட்ட சட்டம் இது. கிணறு என்பதற்குப் பதிலாக சிமெண்ட் மேடு என்று போட்டுப் படியுங்கள். நம்முடைய தெருவுக்கென்றே எழுதியது போல இருக்கிறதா, இல்லையா? "மத்ஹபு நூலை ஏன் காட்டுகிறீர்கள்?" என்று கேட்கும் சகோதரர்களும் இந்தச் சபையில் இருக்கிறார்கள் என்பதை அறிவேன். அவர்களுக்கு, தானும் பாதிக்கப்படக்கூடாது, பிறரையும் பாதிப்புக்குள்ளாக்கக்கூடாது என்ற பொருளில் வந்திருக்கும் நபிமொழியே போதுமானது. அந்த விவாதத்தை வேறொரு நாள் வைத்துக்கொள்வோம்.

நாட்டின் சட்டமும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது. பொதுவழியில் ஆபத்தையோ தடங்கலையோ உண்டாக்கினால் 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 285வது பிரிவு பாயும். அபராதம் ஐயாயிரம் ரூபாய் வரை. அது பெரிதல்ல. கவனக்குறைவால் மரணம் நேர்ந்தது என்று 106வது பிரிவில் வழக்கு வந்தால் ஐந்தாண்டு வரை சிறை. இரவோடு இரவாக மேடு போட்ட நாலு பேரில் ஒருவனுக்கு பாஸ்போர்ட் எடுக்க வேண்டியிருக்கும், துபாய்க்கு விசா வந்திருக்கும். ஒரு எப்.ஐ.ஆர். போதும், அவன் எதிர்காலம் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள்.

அதே சட்டம் அதிகாரிகளையும் விட்டுவிடவில்லை. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 198ஏ என்றொரு பிரிவைச் சேர்த்தார்கள். சாலையை வடிவமைப்பவர், போடுபவர், பராமரிப்பவர் உரிய தரத்தைப் பின்பற்றாததால் ஒருவர் இறந்தாலோ ஊனமுற்றாலோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆகவே நகராட்சி போட்ட மேடு அளவில்லாமல், வெள்ளை பூசாமல் கிடந்தால் அதைச் சுட்டிக்காட்டி எழுதுங்கள். பிரிவின் எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். பொறுப்பு ஏற்பது என்றால் என்ன என்று அரியலூர்க்காரர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. 1956 நவம்பர் 23 அன்று மருதையாற்றுப் பாலத்தில் ரயில் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, டெல்லியில் இருந்த ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவியைத் துறந்தார். பாலத்தை அவர் கட்டவில்லை. இன்று ஒரு வேகத்தடைக்குப் பெயிண்ட் அடிக்காததற்குக் கூட, "அது எங்கள் செக்‌ஷன் இல்லை" என்கிறார்கள்.

பள்ளிவாசல் வாசலில் மட்டுமா?

இன்னொரு விஷயம். கசப்பாக இருந்தாலும் சொல்லித்தான் ஆகவேண்டும். நாம் மேடு கேட்கும்போது பள்ளிவாசல் வாசலைக் காட்டிக் கேட்கிறோம். அடுத்த தெருக்காரர்கள் கோவில் வாசலைக் காட்டிக் கேட்கிறார்கள். இவர்களுக்குப் போட்டுவிட்டு அவர்களுக்குப் போடவில்லையென்றால் அது வேறு நிறம் எடுக்கிறது. தேரும் சந்தனக்கூடும் போகிற பாதை என்றால் மேட்டின் உயரமே ஒரு பிரச்சினை ஆகிவிடுகிறது. "அவர்கள் வேண்டுமென்றே போட்டார்கள்" என்று ஒருவன் கிளப்பிவிட்டால் போதும். நான்கு அங்குல மேடு நாற்பது போலீஸ்காரர்களைக் கொண்டுவந்து நிறுத்திவிடும். இதற்காகவே காத்திருப்பவர்கள் நாட்டில் குறைவில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

ஆகவே மனு எழுதும்போது பள்ளிவாசல் என்று மட்டும் எழுதாதீர்கள். அந்த ரோட்டில் இருக்கும் அரசுப் பள்ளிக்கூடத்தை எழுதுங்கள், அங்கன்வாடியை எழுதுங்கள், மாரியம்மன் கோவிலை எழுதுங்கள், சர்ச் இருந்தால் அதையும் எழுதுங்கள். மாற்று மதச் சகோதரர்களின் வீட்டுக்குப் போய், உட்கார்ந்து பேசி, அவர்களுடைய கையெழுத்தையும் வாங்குங்கள். முத்தவல்லி கையெழுத்தும் கோவில் தர்மகர்த்தா கையெழுத்தும் ஒரே தாளில் இருந்தால் அந்தத் தாளைக் கிடப்பில் போட எந்த அதிகாரிக்கும் துணிச்சல் வராது. லாரிச் சக்கரம் ஜாதகம் பார்த்து ஏறுவதில்லை. அடிபட்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர் எந்த மதம் என்று எந்தத் தாயும் கேட்டதில்லை.

வியாபாரி சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களில் இரண்டு கட்சி இருக்கிறது. ஒரு கட்சி, "என் கடைக்கு நேராகப் போடுங்கள், வண்டி நின்று போகும், வியாபாரம் நடக்கும்" என்கிறது. இன்னொரு கட்சி, "என் கடைக்கு முன்னால் வேண்டாம், லோடு ஏறி இறங்கும்போது சாமான் உடைகிறது, சத்தத்தில் தூங்க முடியவில்லை" என்கிறது. இரண்டு பேருமே பிள்ளைகள் எங்கே ரோட்டைக் கடக்கிறார்கள் என்று பார்ப்பதில்லை. சத்தம் உண்மைதான், நான் மறுக்கவில்லை. லாரி போகும் ரோட்டில் மேட்டைப் படுக்கையறை ஜன்னலுக்கு நேராகப் போடக்கூடாது. ஆனால் இடத்தைத் தீர்மானிக்க வேண்டியது ஆள் நடமாட்டம். கல்லாப்பெட்டி அல்ல.

பாதையின் அகலத்தில் தகராறு வந்தால் ஏழு முழம் விட்டுவிட வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. பத்தடிக்கு மேல் வருகிறது. அது ஒட்டகம் நடந்த காலம்! நம் கடைவீதியில் ஒட்டகம் அல்ல, ஆம்புலன்ஸ் வர வேண்டும். கடைக்கு வெளியே நாலு அடி தகர ஷெட், அதற்கு வெளியே இரண்டு அடி சாமான், அதற்கும் வெளியே கஸ்டமர் வண்டி என்று நாம் இழுத்துவிட்டால் நடப்பவன் நடுரோட்டுக்குத்தான் வருவான். நடப்பவனை நடுரோட்டுக்குத் தள்ளிவிட்டு, வண்டிக்காரனுக்கு வேகத்தடை கேட்பது என்ன நியாயம்?

ஆம்புலன்ஸ் என்று சொன்னதும் நினைவுக்கு வருகிறது. ஒவ்வொரு மேட்டிலும் ஆம்புலன்ஸ் சில வினாடிகளை இழக்கிறது. பிரசவ வலியோடு போகும் பெண்ணுக்கு ஒவ்வொரு மேடும் ஒரு வேதனை. அரசு மருத்துவமனைக்குப் போகும் பிரதான வழியில் வரிசையாக மேடு கேட்காதீர்கள். உள்தெருவுக்குக் கேளுங்கள். அதேபோல தேசிய நெடுஞ்சாலையிலும் கேட்காதீர்கள், கேட்டாலும் கிடைக்காது. அங்கே இருப்பதையே அகற்றும்படி 2016இல் மத்திய அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. நூறில் வருகிற வண்டிக்கு முன்னால் மேடு வைப்பது கொலைக்குச் சமம். அங்கே கேட்க வேண்டியது சுரங்கப்பாதை, மேம்பாலம், சர்வீஸ் ரோடு, விளக்கு. கோரிக்கையும் வேறு, அலுவலகமும் வேறு.

இளைஞர்களே! உங்களை நான் எளிதில் விடப்போவதில்லை. லப்பைக்குடிக்காட்டிலும் வி.களத்தூரிலும் விசுவக்குடியிலும் வாப்பா வெளிநாட்டில் வெயிலில் காய்ந்து அனுப்பும் பணத்தில் வாங்கிய பைக் எத்தனை! அதைப் பதினைந்து வயதுப் பையன் ஓட்டுகிறான். பெருநாள் தொழுகை முடிந்ததும் மூன்று பேர் ஒரே வண்டியில் ஏறிக்கொண்டு, சைலன்ஸரைக் கழற்றிவிட்டு, தெருத்தெருவாகச் சுற்றுகிறான். மேடு கேட்டு முதலில் கையெழுத்துப் போட்ட தகப்பனின் மகன்தான் அந்தத் தெருவில் அதிவேகமாகப் போகிறான்! 2019 திருத்தத்தின்படி, பதினெட்டு வயது ஆகாதவன் வண்டி ஓட்டிப் பிடிபட்டால் அவனுடைய பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் இருபத்தைந்தாயிரம் ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதம் ரத்து. பையனுக்கு இருபத்தைந்து வயது வரை லைசென்ஸ் கிடையாது. கடைப்பையனிடம் சாவியைக் கொடுத்து, "டெலிவரி கொடுத்துட்டு ஓடி வா" என்று அனுப்பும் முதலாளிகளும் இதைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஹஜ்ஜின்போது அரஃபாவிலிருந்து திரும்புகையில் பின்னால் ஒட்டகங்களை அடித்து விரட்டும் சத்தம் கேட்டு, அமைதியாக வாருங்கள், விரைந்து ஓட்டுவதில் நன்மை இல்லை என்று மக்களுக்கு உணர்த்தினார்கள் நபி (ஸல்) அவர்கள். ஹஜ்ஜுடைய நாளிலேயே வேகத்தில் நன்மை இல்லையென்றால் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு டீ குடிக்கப் போவதில் என்ன நன்மை இருக்க முடியும்? பெண்கள் ஏறியிருந்த ஒட்டகங்களை விரைவாக ஓட்டிய அன்ஜஷாவிடம், அவர்களைக் கண்ணாடிப் பாத்திரங்களுக்கு ஒப்பிட்டு, மெதுவாக ஓட்டச் சொன்ன செய்தியும் உங்களுக்குத் தெரிந்ததுதான். அடுத்தமுறை உம்மாவையோ மனைவியையோ பின்னால் ஏற்றிக்கொண்டு ஒரு மேட்டை நெருங்கும்போது அன்ஜஷாவை நினைத்துக்கொள்ளுங்கள்.

எங்கோ ஒரு நாட்டில்

இப்படியெல்லாம் மனுக்கொடுத்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு நெதர்லாந்து நாட்டைச் சொல்கிறேன். இன்று சைக்கிளுக்குப் பெயர்போன நாடு அது. 1971இல் அந்தச் சின்ன நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் சுமார் 3,300 பேர். அதில் நானூறுக்கும் மேற்பட்டவர்கள் பிள்ளைகள். மகளைப் பறிகொடுத்த ஒரு பத்திரிகையாளர் எழுத ஆரம்பித்தார். பிள்ளைக் கொலையை நிறுத்து என்று பெயர் வைத்துக்கொண்டு பெற்றோர் திரண்டார்கள். தெருவில் உட்கார்ந்தார்கள், சைக்கிளில் ஊர்வலம் போனார்கள், அமைச்சர்களைச் சந்தித்தார்கள். அவர்கள் இரவில் சிமெண்ட் குழைக்கவில்லை. எந்தத் தெருவில் எந்த இடத்தில் வண்டி வேகமாகப் போகிறது என்று எழுதிக்கொண்டுபோய் அரசாங்கத்தின் முன்னால் வைத்தார்கள். வீடுகள் இருக்கும் தெருக்களில் வண்டி ஆள் நடக்கும் வேகத்தில்தான் போகவேண்டும் என்ற ஏற்பாடு அங்கே 1976இல் சட்டமானது. அந்தத் தெருக்களில் மேடு உண்டு, மரம் உண்டு, வளைவு உண்டு. பிள்ளைகள் நடுத்தெருவில் விளையாடுகிறார்கள், வண்டிக்காரர் காத்திருக்கிறார்.

அவர்களுக்குக் கிடைத்த வெற்றி நமக்குக் கிடைக்காதா? முறையாகக் கேட்டால் இன்ஷா அல்லாஹ் கிடைக்கும்.

எப்படிக் கேட்பது? முதலில் அந்த ரோடு யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள். பெரம்பலூரும் அரியலூரும் நகராட்சி. கமிஷனரிடம் கொடுக்க வேண்டும். லப்பைக்குடிக்காடு, குரும்பலூர், அரும்பாவூர், பூலாம்பாடி ஆகியவை பேரூராட்சி, செயல் அலுவலர். வி.களத்தூர் போன்ற ஊர்களில் ஊராட்சித் தலைவரும் ஒன்றிய அலுவலகமும். ரோடு மாநில நெடுஞ்சாலைத் துறையுடையது என்றால் கோட்டப் பொறியாளர். இங்கேதான் பாதி மனுக்கள் செத்துப்போகின்றன; நெடுஞ்சாலைத் துறை ரோட்டுக்கு நகராட்சியில் மனுக்கொடுத்துவிட்டு ஆறு மாதம் நடப்போம். எதற்குக் கொடுத்தாலும் ஒரு நகல் கலெக்டருக்குப் போக வேண்டும். மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு அவர்தான் தலைவர். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுத்து, மனு எண் போட்ட ரசீதை வாங்காமல் திரும்பாதீர்கள்.

மனுவில் ஆவேசம் வேண்டாம், விவரம் வேண்டும். காலை எட்டரை முதல் ஒன்பதரை வரை அந்த இடத்தைக் கடந்த பிள்ளைகள் எத்தனை பேர், வண்டிகள் எத்தனை என்று ஒரு நோட்டில் எண்ணி எழுதுங்கள். மாலையிலும் எண்ணுங்கள். நடந்த விபத்துகளின் தேதியைப் போடுங்கள். ரோட்டின் அகலத்தை டேப் பிடித்து அளந்து ஒரு படம் வரையுங்கள். 1988, 2018 வழிகாட்டிகளின்படி அமைக்க வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். வெள்ளைப் பட்டை, போர்டு, விளக்கு மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். அவை இல்லாத மேடு வேண்டாம் என்றே எழுதுங்கள். போட்ட பிறகு வருடத்துக்கு ஒருமுறை பெயிண்ட் அழிந்திருக்கிறதா என்று பார்ப்பது கிளை நிர்வாகிகளின் வேலை.

ஏற்கனவே நம் கையால் போட்ட மேடுகள் இருக்கின்றனவே, அவற்றை என்ன செய்வது? முறையான வேகத்தடை வரும்வரை காத்திருக்க வேண்டாம். இன்று இரவே அதன்மீது வெள்ளைச் சுண்ணாம்பை அடியுங்கள், தூரத்திலிருந்து தெரியட்டும். இரண்டு பக்கமும் ஒரு எச்சரிக்கைத் தட்டி வையுங்கள். ஜமாஅத்தைக் கூட்டி, பக்கத்துத் தெருக்காரர்களையும் அழைத்துப் பேசி, அதிகாரிகளுக்கு எழுதிக் கொடுத்து, அவர்கள் முன்னிலையிலேயே அதை இடித்து அகற்றச் சொல்லுங்கள்.

கூட்டம் முடிந்ததும் ஒவ்வொரு கிளையிலிருந்தும் இரண்டு பேர் இங்கேயே இருங்கள். எந்தெந்தத் தெரு, அந்த ரோடு யாருடையது என்று இன்றே எழுதிவிடுவோம். எண்ணும் வேலையை நாளை பள்ளிக்கூட நேரத்தில் ஆரம்பிக்க வேண்டும். டேப் இல்லாதவர்கள் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் நம் சகோதரர்களிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.